அட்வான்ஸுக்கு முன்னால் ஐப்பசி

கேள்வி: குடும்பத்தோடு சென்னைக்கு மாற்றலாகி வருகிறோம். புறநகரில் எந்த ஏரியாவில் வீடு பார்க்கலாம்?

பதில்: சித்திரையில் பார்த்தால் எல்லா ஏரியாவும் நல்ல ஏரியாதான். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணைத் தெருக்களில் படகு போனது. சதுப்பு நிலத்துக்கு 'கார்டன்' என்று பெயர் வைத்த விஷயம் தண்ணீருக்குத் தெரியாதே! ஆகவே தரகர் காட்டும் மாடுலர் கிச்சனை விட்டுவிட்டு, காம்பவுண்டுச் சுவரில் வெள்ளக் கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். சுவரில் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் எதிரே இருக்கும் பெட்டிக்கடைக்காரரைக் கேளுங்கள்; அவருக்குக் கமிஷன் கிடையாது. 'பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம்தானே முக்கியம்?' என்பீர்கள். முக்கியம்தான். ஆனால் பள்ளி வேன் வாசலுக்கு வரும், மின்சார ரயில் வராது. தாம்பரம், செங்கல்பட்டு தடத்தில் ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் மேடான தெருவாகப் பாருங்கள். அங்கே வாடகை அதிகம் என்பது வாஸ்தவம். உள்ளே தள்ளிப் போனால் ஆட்டோவுக்கும் தண்ணீர் லாரிக்கும் அழுவதைக் கூட்டினால் வித்தியாசம் அவ்வளவாக இராது. சொந்தமாக வாங்கும் எண்ணமிருந்தால் முதலில் வாடகைக்கு இருந்து பாருங்கள். 11 மாத ஒப்பந்தத்துக்குள் ஐப்பசியோ கார்த்திகையோ வராமலா போகும்?