பந்தியில் முப்பத்தெட்டு: சர்வதேசப் பாடத்திட்டத் தேர்வு குறித்து ஓர் ஆய்வு

பிள்ளையை எந்தப் பாடத்திட்டத்தில் சேர்ப்பது என்று பெற்றோர்தான் முடிவு செய்கிறார்கள் என்பது கல்வித் துறையில் நெடுங்காலமாக நிலவிவரும் நம்பிக்கை. அதை மறுப்பதே இவ்வாய்வின் நோக்கம். முடிவு செய்பவர், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்காரும் பெரியப்பா என்பது எம் கருதுகோள். ஆய்வுக் களம் சென்னை. குறிப்பாக, ஓஎம்ஆர் அடுக்ககங்களும் வடபழனிக் கல்யாண மண்டபங்களும்.

முதலில் வரலாறு. ஐபி (இன்டர்நேஷனல் பக்கலாரியட்) எனும் சர்வதேசப் பாடத்திட்டம் 1968இல் ஜெனீவாவில் பிறந்தது. நாடு நாடாக மாற்றலாகிப் போகிறவர்களின் பிள்ளைகள் படிப்பு அறுபடாமல் தொடர வேண்டுமே என்ற கவலையில் உருவானது. இந்தியாவில் அதை முதலில் ஏற்றது கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி, 1976இல். இன்று அதைத் தேடி வருபவர்களில் அதே ஓஎம்ஆரில் சோழிங்கநல்லூரிலிருந்து நாவலூருக்கு மாற்றலாகிறவர்களும் உண்டு. பத்தாம் வகுப்புக்கு நிகரான கேம்பிரிட்ஜின் ஐஜிசிஎஸ்இ 1988இல் வந்தது. அதில் மதிப்பெண்ணுக்குப் பதில் ஏ ஸ்டார், ஏ, பி என்று எழுத்துகள் தருகிறார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்வோம். எழுத்தைப் பெரியப்பா மார்க்காக ஒப்புக்கொள்வதில்லை.

சிக்கலின் மையம் எண்தான். ஐபி டிப்ளமோவில் ஆறு பாடங்கள், பாடத்துக்கு உச்சம் 7. ஆயிற்றா 42? நாலாயிரம் சொல்லில் ஒரு கட்டுரை, அறிவை நாம் எப்படி அறிகிறோம் என்று துருவும் ஒரு பாடம், இரண்டுக்கும் சேர்த்து 3. ஆக மொத்தம் 45. இதில் 38 வாங்கிய பிள்ளை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குத் தெம்பாக விண்ணப்பிக்கலாம். ஆனால் தமிழ்நாட்டில் பாஸ் மார்க் நூற்றுக்கு 35. பந்தியில் "முப்பத்தெட்டு" என்றதும், "போகட்டும், பாஸ் பண்ணிட்டான்ல" என்று தேற்றி, பிள்ளையின் இலைக்கு இன்னொரு ஜாங்கிரி வைக்கச் சொல்கிறார் பெரியப்பா. "மொத்தமே நாப்பத்தஞ்சுதான் பெரியப்பா" என்ற விளக்கம் நிலைமையை மேலும் கெடுக்கிறது. "இத்தனை லட்சம் வாங்கிக்கிட்டு நூறு மார்க்குக்குக்கூடவா பரீட்சை வைக்க மாட்டான்?" இக்கேள்விக்கு ஜெனீவாவிடம் பதில் இருப்பதாகத் தெரியவில்லை. டிப்ளமோ பெற, சில நிபந்தனைகளுடன், 24 புள்ளியே போதும் என்ற தரவைப் பாயசம் வரும்முன் வெளியிடுவது ஆய்வு நெறிக்கு முரண்.

அடுத்து "எத்தனாவது ரேங்க்?" என்பார். மாநில வாரியமே 2017இல் ரேங்க் அறிவிப்பதை நிறுத்திவிட்டது. செய்தி இன்னும் பெரியப்பாவை எட்டவில்லை.

கருதுகோளுக்கு வலுவான சான்று பத்தாம் வகுப்புக்குப் பின் கிடைக்கிறது. சர்வதேசப் பிள்ளைகளில் ஒரு பகுதி பதினொன்றில் சத்தமின்றி சிபிஎஸ்இக்கு இடம்பெயர்கிறது. காரணம் மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வு. அதற்கு என்சிஇஆர்டி புத்தகத்தை வரிவரியாகப் படித்தாக வேண்டும். பத்து வருஷம் "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்கப்பட்ட பிள்ளை, இனி நான்கு வட்டங்களில் ஒன்றைக் கறுப்பாக்கினால் போதும். பெற்றோர் இதைத் தொலைநோக்கு என்கிறார்கள். எமக்குப் புலப்படும் காரணம் வேறு: நீட்டின் மொத்த மதிப்பெண் 720. பெரியப்பாவை இலையிலிருந்து தலை நிமிர வைக்கும் எண் அது.

இவ்வாய்வுக்கு ஒரு குறைபாடு உண்டு. பள்ளி வேன் எந்தத் தெருமுனை வரை வரும் என்ற காரணியை யாம் கணக்கில் கொள்ளவில்லை. அதைச் சேர்த்தால் பெரியப்பாவே இரண்டாம் இடத்துக்குப் போய்விடுவார் என்று அடுக்ககத்துத் தாய்மார்கள் எச்சரித்திருக்கிறார்கள்.