திருவொற்றியூர்ப் பாடம்: ஒரு புல்லட் எஞ்சினைப் பதிப்பித்த வரலாறு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பிரதி ஒன்றே. 1986இல் திருவொற்றியூரில் செய்த 350 புல்லட். வார்ப்பிரும்பு பேரல், வலக்கால் கியர், இடக்கால் பிரேக். ஒரகடத்தில் என் வீட்டு வேப்பமரத்தடியில் இருக்கிறது. மேலட்டை செல்லரித்துவிட்டது, உள்ளே எழுத்து தேய்ந்த இடங்களிலிருந்து நீலப்புகை வருகிறது, டைமிங் கவரில் கசியும் எண்ணெய் தரையில் தினமும் புள்ளி வைக்கிறது. இதற்கு ஒரு செம்பதிப்பு கொண்டுவருவதே என் நோக்கம். பாஷ்யகாரர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலேயே இருப்பதால், உரை எழுத இடம் பொருத்தமானதே என்க.

முதலில் நூல் வரலாறு. முதல்நூல் இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் இயற்றப்பட்டது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து, அடுத்த ஆண்டு திருவொற்றியூரில் படியெடுக்கத் தொடங்கினார்கள். 1970 வாக்கில் ஆங்கில மூலவர் கடையைக் கட்டிவிட்டார், படியெடுத்தவர்கள் நிறுத்தவில்லை. முதல்நூல் மறைய, வழிநூலே முதல்நூல் ஆகிவிட்டது. பிறகு அச்சகம் தெற்கே நகர்ந்தது. 2013இல் ஒரகடத்தில் புது ஆலை, 2017இல் வல்லம் வடகாலில் இன்னொன்று. அதாவது என் வண்டி பிறந்த வீடே இடம்பெயர்ந்து என் வாசலுக்கு வந்துவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய், இங்கே 2010இல் ரெனோ-நிசான் என்று தொடங்கிய ஆலை, 2012 முதல் பாரத்பென்ஸ். இத்தனை அச்சகம் சூழ்ந்த ஊரில் ஒரு பேக்கிங்குக்கா பஞ்சம் என்று கேட்பாரும் உளர். அவர்கள் கடைக்குப் போய்ப் பார்க்காதவர்கள்.

கூட்டுச்சாலை அருகே ஒரு ஸ்பேர்ஸ் கடையில் கள ஆய்வு நிகழ்த்தினேன்.

"டைமிங் கவர் பேக்கிங் இருக்கா தம்பி, புல்லட்டுக்கு?"

"எந்த மாடல் சார்?"

"எண்பத்தாறு."

தம்பி கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்தார். "நான் பொறந்ததே ரெண்டாயிரத்து மூணு சார்."

இதிலிருந்து பெறப்படும் விதி: ஆலை நெருங்க நெருங்க ஸ்பேர் விலகும். புதுநூல் அச்சாகும் இடத்தில் பழைய ஏட்டை யாரும் கட்டிவைப்பதில்லை. ஒரகடத்தில் மத்திய அரசின் உலகளாவிய வாகன ஆய்வு மையமும் இருக்கிறது. வண்டியைச் சுவரில் மோதவிட்டெல்லாம் பார்க்கிறார்கள். ஆனால் ஓட்டை போட்ட ஒரு காகிதம் எங்கே கிடைக்கும் என்ற துறையில் இடைவெளி இருப்பதால்தான் இக்கட்டுரை.

1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா. ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தார். எனக்கு இரண்டே இடம்: ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, புதுப்பேட்டை. படப்பை வழியாகத் தாம்பரத்துக்குப் பஸ், அங்கிருந்து எழும்பூருக்கு மின்சார ரயில், மீதி நடை. கூவம் மணக்கத் தொடங்கினால் சுவடி நிலையம் நெருங்கிவிட்டது என்று பொருள்.

"பாய், முப்பது சைஸ் பிஸ்டன் வேணும்."

"போர் பண்ணிட்டியா சார்?"

"இன்னும் இல்ல."

"அதான் கரெக்டு. பிஸ்டன கையில வச்சிக்கினு போர் பண்ணு."

பாய் சொன்னது பதிப்பியலின் தலையாய விதி. திருவொற்றியூர் மூலபாடத்தில் பேரலின் உள்விட்டம் 70 மில்லிமீட்டர். தேயத் தேய லேத்தில் கொடுத்துக் கடைந்து, அடுத்த சைஸ் பிஸ்டன் போடுவார்கள். முப்பது சைஸ் என்றால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் முப்பது பங்கு, ஏறக்குறைய முக்கால் மில்லிமீட்டர், கூடுதல். பிஸ்டனை அளந்த பிறகுதான் பேரலைக் கடைய வேண்டும். மூலத்தைப் பார்க்காமல் உரை எழுதினால் என்ன ஆகும் என்பது எல்லா லேத் பட்டறைக்கும் தெரியும். தமிழ்த்துறைகளைப் பற்றி நான் சொல்வதற்கில்லை.

அடுத்தது பாடபேதம். "ஒரிஜினலா, நல்ல டூப்ளிகேட்டா, கழட்டுனதா?" என்றார் பாய். விசாரித்ததில் ஒரு விந்தை புலப்பட்டது. கடையில் பளபளவென்று பொட்டலத்தில் இருப்பது டூப்ளிகேட். யாரோ ஒருவருடைய செத்த வண்டியிலிருந்து கழற்றிய, கறுத்துப்போன கான்டாக்ட் பிரேக்கர் தட்டுதான் ஒரிஜினல். நான் கறுத்ததையே வாங்கினேன். டைமிங் கவர் பேக்கிங்கும் கிடைத்தது. ஆனால் வேறு காலத்துப் பாடம். இரண்டு துளை தள்ளி இருந்தது.

இனி புணரியல். பழைய புல்லட்டில் பல இடங்களில் பிரிட்டிஷ் மரை. விட்வொர்த் என்பவர் 1841இல் வகுத்த 55 டிகிரி மரபில் வந்தது. இப்போது கடையில் கிடைப்பது 60 டிகிரி மெட்ரிக். நிலைமொழி ஒன்று, வருமொழி வேறு. போல்ட் இரண்டு சுற்று இனிமையாக ஏறும், பிறகு நிற்கும். அப்போது கையை எடுத்துவிட வேண்டும். நான் எடுக்கவில்லை, ஸ்பானரில் பைப் மாட்டி இழுத்தேன். இலக்கணத்தில் விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். மரை திரிந்தது, போல்ட் கெட்டது, மறுநாள் எண்ணெய் தோன்றியது. மரை கழன்றது யாருக்கு என்று மெக்கானிக் அண்ணன் கேட்டதை ஆய்வில் சேர்க்கவில்லை.

பேக்கிங்கை அவரே வெட்டினார். கெட்டி அட்டை வேண்டும் என்றார். வீட்டில் ஒரு கல்யாணப் பத்திரிகை இருந்தது. கவர்மேல் அதை விரித்து, சின்ன சுத்தியலால் விளிம்பையெல்லாம் மெல்லத் தட்டினார். கல்வெட்டில் மைப்படி எடுப்பதுபோல் வடிவம் பதிந்து, தேவையில்லாதது தானாக அறுந்து விழுந்தது. எண்ணெய்த் துளையை மட்டும் இரண்டு முறை சரிபார்த்தார். அது அடைபட்டால் எஞ்சின் பட்டினி கிடந்து இறுகிவிடும். துளை சரியாக 'உற்றார்' என்ற சொல்லில் விழுந்தது. எதிர்கால ஆய்வாளர் யாராவது கேஸைப் பிரித்தால் காலநிர்ணயம் எளிது: தை மாதம், வளர்பிறை முகூர்த்தம்.

டைமிங் வைத்ததை விரிப்பின் பெருகும். சிகரெட் பெட்டித் தாளைப் பாயிண்டில் செருகி, பிஸ்டன் உச்சிக்கு வர 0.8 மில்லிமீட்டர் இருக்கையில் தாள் நழுவ வேண்டும், அவ்வளவே. பிறகு ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, டீகம்ப்ரஷன் பிடித்துச் சற்றே தள்ளி, அதை விட்டுவிட்டு, ஒரே மிதி. வண்டி பேசியது. பக்கத்து வீட்டு நாய் எழுந்து போனது.

இப்போது எஞ்சியிருப்பது மூலச் சிக்கல். பிஸ்டன் வேறு, கார்புரேட்டர் வேறு, கிராங்க் புஷ் வேறு, பாயிண்ட் இன்னொருவருடையது, பேக்கிங் ஒரு திருமணம். இதில் திருவொற்றியூர்ப் பாடம் எது? 15 வருடம் கடந்த வண்டிக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகம் போகிறேன். நம்பர் பொறித்த இடத்தில் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துக் கொடுக்க வேண்டும். எண் தெளிவாக விழுந்தால் வண்டி மெய். ஆக, சட்டத்தின் பார்வையில் ஒரு நூலின் மூலம் என்பது அதன் பக்க எண்தான்.

எல்லாம் பூட்டிய பிறகு ஒரு செம்பு வாஷர் மிஞ்சியது. எஞ்சினில் எங்கும் அதற்கு இடம் காணோம், வண்டியும் ஓடுகிறது. ஆசிரியர் பெயரும் நூல் பெயரும் தெரியாததால், பிஸ்கட் டப்பாவில், இதற்கு முன் மிஞ்சிய ஏழோடு சேர்த்து, தனிப்பாடல் திரட்டில் வைத்திருக்கிறேன்.