அப்பாவும் அமெரிக்கக் கருவூலமும்

போன காலாண்டில் பெங்களூர் காக்ஸ் டவுன் கிளையில் இருக்கும் என் சேமிப்புக் கணக்கு 90 ரூபாய் வட்டி சம்பாதித்தது. அதில் 28 ரூபாய் 8 பைசாவை வருமான வரியாகப் பிடித்துக்கொண்டார்கள். வட்டி வந்ததையும் வரி போனதையும் குறுஞ்செய்தியில் தெரிவித்த உபகாரத்துக்கு வங்கி 15 ரூபாய் எடுத்துக்கொண்டது. அதற்கு ஜிஎஸ்டி 2 ரூபாய் 70 பைசா. மிச்சம் 44 ரூபாய் 22 பைசா. இந்தத் தொகையைக் கட்டிக்காக்க இரண்டு நாட்டு அரசாங்கங்களும், ஒரு வங்கியும், ஒரு பழைய நோக்கியா போனும், எங்கள் அப்பாவும் வருஷம் முழுக்க உழைக்கிறார்கள். நான் ஒஹையோவில் இருந்துகொண்டு கையெழுத்து மட்டும் போடுகிறேன். அதுவும் பழைய கையெழுத்தோடு ஒத்துப்போவதில்லை என்று திரும்பி வருகிறது.

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனவன் ஊரில் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. ஃபெமா என்று ஒரு சட்டம், 2000 ஜூனிலிருந்து நடப்பில் இருக்கிறது. கணக்கை என்.ஆர்.ஓ. என்று மாற்றிக்கொள்ள வேண்டும். ஊரில் வரும் வாடகை, வட்டி, டிவிடெண்டு எல்லாம் அதற்குள். அங்கே சம்பாதித்ததை அனுப்பி வைக்க என்.ஆர்.இ. என்று இன்னொன்று, அதன் வட்டிக்கு இங்கே வரி கிடையாது. என்.ஆர்.ஓ. வட்டிக்கோ முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம், தலைக்குமேல் செஸ், ஆக 31.2. அந்தக் கணக்கிலிருந்து வருஷத்துக்கு 10 லட்சம் டாலர் வரை வெளியே கொண்டுபோகலாம் என்று ரிசர்வ் வங்கி பெருந்தன்மையாக அனுமதித்திருக்கிறது. நான் அந்த வரம்பைத் தாண்டிவிடுவேனோ என்று இதுவரை யாரும் கவலைப்பட்டதில்லை.

வரியைக் குறைக்க வழி இருக்கிறது. இந்தியாவும் அமெரிக்காவும் போட்டுக்கொண்ட ஒப்பந்தப்படி இந்த வட்டிக்கு 15 சதவீதம் கட்டினால் போதும். நான் அமெரிக்காவில் வரி கட்டுகிறவன்தான் என்று அந்த நாட்டு வருமான வரித் துறையே ஒரு சான்றிதழ் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கான விண்ணப்பக் கட்டணம் 85 டாலர். காலாண்டுக்கு 14 ரூபாய் 58 பைசா மிச்சம் பிடிக்க 7,000 ரூபாய்க்கு மேல் செலவு. சான்றிதழ் ஒவ்வொரு வருஷமும் புதிதாக வாங்க வேண்டும். இதைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவருக்கு வட்டிக்கடை அனுபவம் நிறைய இருந்திருக்கிறது.

"இவ்வளவு தொல்லை எதுக்கு, மூடிட்டுப் போயேன்" என்று அமெரிக்க நண்பர்கள் சொல்வார்கள். காக்ஸ் டவுனில் பிறக்காதவர்கள். வீட்டில் ஒருமுறை இந்தப் பேச்சை எடுத்தேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். "ரேஷன் கார்டுலேருந்து பேர் எடுத்தாச்சு. ஓட்டர் லிஸ்ட்லயும் காணோம். இதையும் மூடிட்டா உன் பேரு எதுலடா இருக்கும்?" என்றாள். கல்யாணப் பத்திரிகையில் இருக்கிறது என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பார்க்கப்போனால் ஊரை விடாத இந்த வியாதி எங்கள் வட்டாரத்துக்குப் பழசு. 1809-இல் வெள்ளைக்காரன் இங்கே கண்டோன்மென்ட் போட்டபோது பட்டாளத்தின் பின்னாலேயே ஆற்காடு, வேலூர்ப் பக்கத்து ஜனம் மூட்டை கட்டிக்கொண்டு வந்தது. அல்சூர், ஃப்ரேசர் டவுன், காக்ஸ் டவுன் என்று எங்கும் தமிழ்க் குரல் கேட்பது அந்த வழியில்தான். 1947 வரை மைசூர் மகாராஜா ஊருக்கு நடுவிலேயே இது தனி நிர்வாகம். எங்கள் கொள்ளுத்தாத்தா அந்தக் காலத்து என்.ஆர்.ஐ. சம்பளம் வாங்கியதும் முதல் வேலையாக ஆரணிப் பக்கம் மணியார்டர் போய்விடும். அங்கே அவருக்கு அரைக்காணி நிலம்கூட இல்லை. ஆனாலும் போகும்.

செட்டியார்கள் இதையே பெரிய அளவில் செய்தார்கள். பர்மாவிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கல், வீடு மட்டும் செட்டிநாட்டில். இந்தப் பிழைப்பைப் புரிந்துகொண்ட எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10-ஆம் தேதி இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் கதவைத் திறந்தார். கணக்குக்காரன் எங்கே இருக்கிறானோ அங்கேயும் ஒரு கதவு, அவன் மனசு எங்கே இருக்கிறதோ அங்கேயும் ஒரு கதவு. 1963-இல் பர்மா அரசு வங்கிகளை எல்லாம் தேசியமாக்கியபோது ரங்கூன் கதவு சாத்திக்கொண்டது. காரைக்குடி மிஞ்சியது. அம்மாவுக்கு இந்த வரலாறு தெரியாது. தெரிந்தால் ஒவ்வொரு முறையும் சொல்லிக் காட்டுவாள்.

என்.ஆர்.ஓ. ஆக மாற்றுவதற்கு லீவில் வந்தபோது அப்பாவைக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போனேன். உண்மையில் அவர்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஹெச்.ஏ.எல்.லில் ரிட்டயர் ஆனபிறகு அவருடைய அலுவலகம் அந்த வங்கிதான். எங்கள் வங்கியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஸ்டேட் பாங்க் ஆஃப் மைசூர் 2017-லும், விஜயா வங்கி 2019-லும், சிண்டிகேட் வங்கி 2020-லும் வேறு வங்கிகளுக்குள் போய்விட்டன. கர்நாடகத்துக்காரர்கள் காலையில் எழுந்து முதலில் பார்ப்பது தங்கள் வங்கிக்கு இன்னும் அதே பெயர் இருக்கிறதா என்பதைத்தான். எங்களுடையதற்கு இருக்கிறது. அதை ஏன் கெடுப்பானேன்.

கவுன்ட்டரில் இருந்த இளைஞர் பீகார்க்காரர். அவர் இந்தியில் கேட்க, பக்கத்து மேஜை அம்மா கன்னடத்தில் விளக்க, அப்பா கண்டோன்மென்ட் வழக்கப்படி நாலு மொழியையும் ஒரே வாக்கியத்தில் கலந்து பதில் சொன்னார். முதல் சிக்கல் விலாசம். வங்கி ரெக்கார்டில் காக்ஸ் டவுன். ஆதாரில் சர்வஞ்ஞ நகர். இரண்டும் ஒரே இடம்தான். கண்டோன்மென்ட் கலெக்டராக இருந்த காக்ஸ் துரையின் பெயரை எடுத்துவிட்டு, கன்னடக் கவி சர்வஞ்ஞரின் பெயரை அரசாங்கம் வைத்தது. ஆட்டோக்காரரும் காய்கறிக்காரரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. "ப்ரூஃப் பேகு ஸார்" என்றார் அந்த அம்மா. ஒரு ஊரும் அதே ஊரும் ஒன்றுதான் என்பதற்கு என்ன ப்ரூஃப் கொடுப்பது? அப்பா பழைய மின்சார பில், புது மின்சார பில், 1994 வருஷத்து கேஸ் புத்தகம் எல்லாவற்றையும் பையிலிருந்து எடுத்தார். முன்னாலேயே தெரிந்து கொண்டுவந்திருக்கிறார், எமகாதகர்.

அடுத்தது கூட்டுப் பெயர். இந்தியாவில் குடியிருப்பவரை என்.ஆர்.ஓ. கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் முதல் பெயர்க்காரர் இருக்கும்வரை அவர்தான் கணக்கை நடத்த வேண்டும், அவருக்குப் பிறகுதான் இரண்டாமவர்.

"அதாவது, நீ போய்ச் சேர்ந்தாதான் நான் செக்கு போடலாமா?" என்றார் அப்பா.

"ஆமாம்ப்பா."

"எனக்கு எழுபத்திமூணுடா."

பீகார் இளைஞருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டார்.

கடைசியில் உயிரோடு இருக்கும்போதே அப்பா சில்லறைக் காரியங்களைப் பார்க்க ஒரு அதிகாரக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அதிலிருந்து அவருக்கு ஒரு மிடுக்கு. என் பெங்களூர் சிம் கார்டு அவருடைய பழைய நோக்கியாவில்தான் வாழ்கிறது. ஒஹையோவில் எனக்குச் சாப்பாட்டு இடைவேளை என்றால் காக்ஸ் டவுனில் ராத்திரி பத்தரை. நான் வாட்ஸப்பில் கூப்பிட, அவர் கண்ணாடி தேட, ஓடிபி வந்து விழும். எண்ணை மட்டும் படிக்கச் சொன்னால் கேட்கமாட்டார். தபாலை முதல் வரியிலிருந்து படித்துப் பழகியவர்.

"இந்த எண்ணை யார்கிட்டயும் சொல்லக்கூடாது, பேங்க் ஆளுங்க கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு போட்டுகிறான். உனக்குச் சொல்லலாமா?"

"அப்பா, அது என் ஓடிபி."

"அது எனக்குத் தெரியுது. அவனுக்குத் தெரியுமான்னு கேக்கறேன்."

அதற்குள் நேரம் முடிந்துவிடும். அமெரிக்கா உள்பட பத்து நாட்டு போன் நம்பர்களிலேயே யுபிஐ வைத்துக்கொள்ளலாம் என்று 2023-இல் அனுமதி வந்துவிட்டது. அதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. நோக்கியாவுக்கு வேலை போய்விடும்.

இரண்டு வருஷம் கணக்குக்காரர் எதுவும் செய்யாமல் விட்டால் கணக்கு செயலற்றது என்று ஒதுக்கப்படும். வங்கியே போடும் வட்டியும் வங்கியே உருவும் கட்டணமும் நடமாட்டத்தில் சேராது. பத்து வருஷம் கேட்பாரற்றுக் கிடந்தால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதி ஒன்றுக்குப் போய்விடும். பிறகு வாரிசுகள் உத்கம் என்ற தளத்தில் பெயர் போட்டுத் தேடிக்கொள்ள வேண்டியதுதான். அப்பாவுக்கு இதில் பெரிய பயம். பொங்கலுக்கு ஒரு நூறு, ஆயுதபூஜைக்கு ஒரு நூறு என்று என் கணக்கில் போட்டு அதை உயிரோடு வைத்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் இந்தப் பயத்துக்கு ஆதாரம் உண்டு. வள்ளுவரே இங்கே பதினெட்டு வருஷம் செயலற்ற கணக்காகக் கிடந்தவர். அல்சூர் ஏரிக்கரையில் 1991-லேயே சிலையாக வந்து நின்றவரைச் சாக்குத் துணியால் மூடி வைத்துவிட்டார்கள். 2009 ஆகஸ்ட் 9-ஆம் தேதி கருணாநிதி வந்து திறந்தார். நாலு நாள் கழித்து சென்னை அயனாவரத்தில் சர்வஞ்ஞர் சிலையை எடியூரப்பா போய்த் திறந்தார். எங்கள் பேட்டைக்குப் பெயர் கொடுத்தவரே அங்கே நிற்கிறார், அயனாவரத்தில், நிரந்தர என்.ஆர்.ஐ.யாக.

இன்னொரு என்.ஆர்.ஐ., எங்கள் எதிர்வீட்டுப் பையன், நோட்டு செல்லாது என்று அறிவித்த காலத்தில் மஸ்கட்டில் இருந்தான். அங்கே அலமாரிக்குள் கொஞ்சம் ஐந்நூறு ரூபாய் நோட்டு. வெளிநாட்டில் இருப்பவர்கள் 2017 ஜூன் 30 வரை மாற்றிக்கொள்ளலாம் என்று சலுகை. விமான நிலையத்துச் சுங்கத்தில் நோட்டைக் காட்டி முத்திரை வாங்கிக்கொண்டு வர வேண்டும். வந்தான். நிருபதுங்கா ரோட்டில் ரிசர்வ் வங்கி மலைபோல நிற்கிறது. ஆனால் மாற்றித் தருவது மும்பை, டெல்லி, கொல்கத்தா, நாக்பூர், சென்னையில் மட்டும். ரயிலேறி சென்னைக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்தவன், ஊர் திரும்பியதும் எல்லாருக்கும் கிராண்ட் ஸ்வீட்ஸ் பெட்டி கொடுத்தான். மாற்றிய பணம் அதில் தீர்ந்தது.

இதெல்லாம் இந்திய அரசாங்கத்தின் பக்கம். அமெரிக்காவின் பக்கம் எஃப்பார். அமெரிக்காவில் குடியிருப்பவனுக்கு வெளிநாட்டில் இருக்கும் எல்லாக் கணக்கும் சேர்ந்து வருஷத்தில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும், எல்லாவற்றையும் பட்டியல் போட்டு அந்த நாட்டுக் கருவூலத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். என் என்.ஆர்.ஓ.வை நம்பி இருந்தால் இந்த ஜன்மத்தில் அந்த எல்லைக்குப் போகமாட்டேன். ஆனால் அப்பாவின் ரிட்டயர்மென்ட் பணம் ஃபிக்ஸட் டெபாசிட்டில் இருக்கிறது. கூட்டுப் பெயரில் நான். கூட்டுக் கணக்கில் பாதியை மட்டும் காட்ட முடியாது. முழுத் தொகையும் என் பெயரில்தான் எழுத வேண்டும். ஹெச்.ஏ.எல். கிராஜுவிட்டி இப்படித்தான் வாஷிங்டன் போய்ச் சேர்ந்தது.

இதை அப்பாவிடம் சொன்ன அன்று அவர் வெகுநேரம் பேசவில்லை. எங்கள் வீட்டில் டெபாசிட் எவ்வளவு என்பது அம்மாவுக்கே தெரியாது.

"உங்கம்மாவுக்கு நான் சொல்லலை. உங்க மாமனுக்குச் சொல்லலை. நீ இன்னாடான்னா நேரா அமெரிக்காவுக்கே எழுதிப் போட்டுட்ட."

"எழுதலைன்னா அபராதம்ப்பா."

ருமேனியாக்காரர் பிட்னர் கதையைச் சொன்னேன். அமெரிக்கக் குடிமகனாகி, பிறகு சொந்த ஊருக்கே திரும்பிப்போனவர். இந்த அறிக்கை விஷயம் தெரியாமல் ஐந்து வருஷம் விட்டுவிட்டார். கணக்குக்கு 10,000 டாலர் வீதம், ஆண்டுவாரியாக எண்ணி 272 கணக்குக்கு 27.2 லட்சம் டாலர் போட்டது அரசாங்கம். அறிக்கைக்குத்தான் அபராதம், கணக்குக்கு இல்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, 50,000 டாலரில் ஆள் தப்பினார். அதுவும் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில்.

அப்பா சட்ட நுணுக்கத்துக்குள் போகவில்லை. "இத்தனை பாஸ்புக்கை எங்க வெச்சிருந்தான்?" என்று மட்டும் கேட்டார்.

அப்புறம் அந்த அறிக்கையின் பிரதியைப் பார்க்க வேண்டும் என்றார். அனுப்பினேன். பெரிய எழுத்தில் பிரிண்ட் போட்டு வாங்கி, ஆங்கிலத்தில் அவர் பெயர், வங்கியின் பெயர், காக்ஸ் டவுன், எல்லாம் எழுத்துப்பிழை இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்தார். சர்வஞ்ஞ நகர் ப்ரூஃப் யாரும் கேட்கவில்லை என்பதைக் கவனித்தார். பிறகு கால்குலேட்டரை எடுத்து டாலர் விலையால் பெருக்கிப் பார்த்தார். தொகை சில ரூபாய்கள் கூட வந்தது.

"தப்பாப் போட்டுகிறியே?"

சென்ட் எவ்வளவு இருந்தாலும் அடுத்த முழு டாலருக்கு ஏற்றித்தான் எழுத வேண்டும், அதுதான் விதி என்றேன்.

"ஏத்தியா?"

"ஏத்திதான்."

இங்கே வங்கி பைசா பைசாவாகப் பிடித்துப் பார்த்திருக்கிற மனுஷன். மறுநாள் சாயங்காலம் கோல்ஸ் பார்க்கில் நடக்கும்போது மூன்று பேரிடம் இதைச் சொல்லியிருக்கிறார். நேற்று அம்மா போனில் சொன்னாள்: அதில் ஒருவர், தன் டெபாசிட்டிலும் என் பெயரைச் சேர்க்க முடியுமா என்று விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாராம்.