விண்கலத்துக்கு இரண்டு வால்யூம் கன்ட்ரோல்

நாகூர்க்காரனுக்குக் கப்பல் விடுவது பெரிய காரியமில்லை. தர்கா கந்தூரித் திருவிழா வந்தால் கப்பல் வடிவ ரதங்களைத் தார் ரோட்டிலேயே ஓட்டிக் காட்டுகிற ஆட்கள் நாங்கள். ஆகவே 1995ல் நான் அண்டவெளிக்கே ஒரு கப்பல் விடுகிறேன் என்று கிளம்பியபோது வீட்டில் யாரும் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று வாரம் அந்தக் கப்பல் நகரவில்லை.

பொய் சொல்லக்கூடாது, நகர்ந்தது. நின்ற இடத்திலேயே, தலையைக் கீழே குத்திக்கொண்டு, கந்தூரி ராட்டினம் மாதிரி கிறுகிறுவென்று சுற்றியது.

காரணம் ஒரு குச்சி. வெளிநாட்டில் சம்பாதிப்பவருக்கு எங்கள் ஊரில் ‘சபராளி’ என்று பெயர். சிங்கப்பூர் சபராளியான என் மாமா கொடுத்தனுப்பிய பெட்டியில் கைலிக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவே, சீன நியூஸ்பேப்பரில் சுருட்டிய ஒரு கறுப்பு ஜாய்ஸ்டிக், கம்ப்யூட்டர் விளையாட்டில் கப்பல் ஓட்டும் குச்சி. உம்மா அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டது: “இதுக்கு மிக்ஸி எங்க?”

சிரிக்காதீர்கள். ஜாய்ஸ்டிக் முன்னால் அசடு வழிந்த மேதாவிகளின் பட்டியலில் உம்மாவும் நானும் கடைசி பெஞ்சுதான். முதல் பெஞ்சில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஜாய்ஸ்டிக் என்ற பேரே விமானிகள் வைத்தது. அச்சில் கிடைக்கிற பழைய சாட்சிகளில் ஒன்று, ராபர்ட் லொரேன் என்ற ஆங்கில நாடக நடிகரின் 1910ம் வருஷத்து டைரி. மேடையில் ஹீரோ, ஆகாயத்திலும் ஹீரோ! அதே வருஷம் ஐரிஷ் கடலைத் தாண்டி அயர்லாந்துக்குப் பறந்து சரித்திரம் படைக்கக் கிளம்பினார். கடல் முழுக்கத் தாண்டிவிட்டார். கரைக்கு இன்னும் 200 அடி சொச்சம் இருக்கும்போது விமானம் தண்ணீரில் விழுந்தது. மெட்ராஸிலிருந்து ரயிலேறி நாகூர் அவுட்டரில் இறங்கி நடந்து வந்த கதை. என்ன, இவர் நீந்தி வந்தார்.

அடுத்த பெஞ்சு அமெரிக்காவின் எம்.ஐ.டி. 1961 கடைசி. பிடிபி-1 என்று ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்குகிறது. விலை 1,20,000 டாலர். இதை வைத்து என்ன செய்யலாம்? புற்றுநோய்க்கு மருந்து? வானிலை கணிப்பு? பையன்கள் கூடிப் பேசி ஒருமனதாக முடிவெடுத்தார்கள்: இரண்டு ராக்கெட் ஒன்றையொன்று சுட்டுக்கொள்ளும் விளையாட்டு!

புரோகிராம் எழுத ஒப்புக்கொண்டவர் ஸ்டீவ் ரஸல். நண்பர்கள் அவருக்கு வைத்திருந்த செல்லப்பெயர் ‘ஸ்லக்’, அதாவது ஓடில்லாத நத்தை. பேருக்கேற்ற பிள்ளை. சைன், கொசைன் கணக்குப் போடும் புரோகிராம் கைவசம் இல்லையே, இருந்தால் இந்நேரம் முடித்திருப்பேனே என்று நாளைக் கடத்தினார். ஆலன் கோட்டக் என்ற நண்பர் நேரே கம்ப்யூட்டர் கம்பெனிக்கே காரை விட்டு, அந்தக் கணக்கைக் காகித நாடாவில் வாங்கி வந்து மேஜையில் வைத்துவிட்டு, அடுத்த சாக்கு என்ன என்று கேட்டார். கம்ப்யூட்டர் விளையாட்டின் சரித்திரத்தில் ஒரு பெரிய அத்தியாயமே ஒரு ஹோம்வொர்க் தகராறில்தான் தொடங்குகிறது.

1962ல் ‘ஸ்பேஸ்வார்!’ தயார். ஆச்சரியக்குறி நான் போட்டதில்லை, பேரிலேயே இருக்கிறது. ஆனால் ராக்கெட்டை ஓட்ட கம்ப்யூட்டரின் முகப்பில் இருந்த சின்னச் சின்ன சுவிட்சுகளைத்தான் தட்ட வேண்டும். ஆளுக்கு நாலு. திரை ஒரு ஓரத்தில், சுவிட்ச் இன்னொரு பக்கம். திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்குப் படம் நன்றாகத் தெரியும், தள்ளி உட்கார்ந்தவன் கழுத்தை ஒடித்துப் பார்க்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் முழங்கை கடுத்தது. நட்சத்திரப் போரில் முதலில் அடிபட்ட உறுப்பு முழங்கை.

கோட்டக்கும் பாப் சாண்டர்ஸும் யோசித்தார்கள். இவர்கள் எல்லோரும் அங்கே பொம்மை ரயில் கிளப் மெம்பர்கள். கிளப் பரணில் கிடந்த மரத்துண்டு, பேக்கலைட், பழைய சுவிட்ச் எல்லாவற்றையும் பொறுக்கி ஆளுக்கொரு பெட்டி செய்தார்கள். ஒரு லீவர் திரும்ப, இன்னொரு லீவர் பாய, சுட ஒரு பட்டன். அந்தப் பட்டனை மட்டும் சத்தமே வராமல் அமைத்தார்கள். அழுத்துகிற ‘டக்’ கேட்டால் எதிராளி உஷாராகிவிடுவானாம். லட்சம் டாலர் மெஷினில் கேரம்போர்டு திருட்டுத்தனம்!

இதில் நாகூருக்கும் ஒரு பங்கு உண்டு. பீட்டர் சாம்சன் என்பவர், திரையில் கண்டபடி புள்ளி வைத்தால் மரியாதையா என்று, பின்னணியில் நிஜ நட்சத்திரங்களையே இறக்கிவிட்டார். வான நடுக்கோட்டுக்கு வடக்கே 22½ டிகிரி, தெற்கே 22½ டிகிரி. நாகூர் கிட்டத்தட்ட 11 டிகிரி வடக்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள். சில்லடி கடற்கரையில் மல்லாக்கப் படுத்தால் நேர் மேலே தெரிகிற வானம் அப்படியே அவர்கள் திரையில். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விண்கப்பல் விட்ட அடுத்த பெஞ்சு, 1984. கேம்பிரிட்ஜில் இயன் பெல், டேவிட் பிரேபன் என்று இரண்டு மாணவர்கள். ‘எலைட்’ என்ற விண்வெளி வியாபார விளையாட்டு. 8 கேலக்ஸி, ஒவ்வொன்றிலும் 256 நட்சத்திர மண்டலம், அத்தனையும் 32 கே நினைவகம் உள்ள பிபிசி மைக்ரோவில். நம் மத்திய அரசு பள்ளிக்கூடங்களுக்குக் கம்ப்யூட்டர் காட்டக் கிளம்பிய ‘கிளாஸ்’ திட்டத்தில் வந்ததும் இதே பிபிசி மைக்ரோதான், அதே காலத்தில். செருப்பைக் கழற்றிவிட்டு, ஏசி அறைக்குள் கைகட்டி நின்று, உறை போட்ட மெஷினைத் தூர இருந்து தரிசித்த தலைமுறையே, கேட்டுக்கொள். அந்த உறைக்குள் 2,048 நட்சத்திர மண்டலத்துக்கு இடம் இருந்தது.

இந்த மண்டலங்களுக்கெல்லாம் பேர் யார் வைப்பது? கம்ப்யூட்டரே எழுத்துகளைக் குலுக்கிப் போட்டு வைத்துக்கொண்டது. ஒரு கேலக்ஸியில் போட்ட குலுக்கலில் ஒரு ஊருக்கு ஆங்கிலத்தில் பின்பக்கத்தைக் குறிக்கும் கெட்ட வார்த்தை வந்து விழுந்துவிட்டது. பையன்கள் என்ன செய்தார்கள்? அந்த ஒரு பேரை மாற்றவில்லை. கேலக்ஸியையே தூக்கிப் போட்டார்கள். மானத்துக்காக 256 மண்டலங்களைக் காவு கொடுத்த பெருமை வேறு எந்தச் சக்கரவர்த்திக்கும் கிடையாது.

சரி, என் குச்சிக்கு வருகிறேன். அது ஏன் சுற்றியது?

பழி 1981க்குப் போகிறது. ஐபிஎம் தன் பிசிக்கு ஜாய்ஸ்டிக் அட்டை ஒன்று போட்டது. 15 ஊசி செருகும் சாக்கெட். குச்சி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அளக்க ஒழுங்கான கருவி வைத்தால் செலவு. ஆகவே ஒரு குறுக்கு வழி. குழாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று தெரிய வேண்டுமா? கீழே குடத்தை வை, நிறையும்வரை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணு. குச்சி ஒரு பக்கம் சாய்ந்தால் குழாய் இறுகும், குடம் மெதுவாக நிறையும், எண்ணிக்கை ஏறும். எண்ணுகிற வேலை கம்ப்யூட்டருக்கு.

புத்திசாலித்தனம்தான். ஆனால் எண்ணுகிற ஆள் மாறினால்? என் சின்னாப்பா தஸ்பீஹ் மணி எண்ணுகிற நிதானத்தில் அந்தக் காலத்து பிசி எண்ணும். என் 486 கம்ப்யூட்டர், கல்யாண வீட்டில் மொய்ப்பணம் எண்ணுகிற வேகத்தில் எண்ணும். அதே குடம், கணக்கு வேறு. அதனால்தான் அந்தக் காலத்தில் ஒவ்வொரு விளையாட்டும் முதலில் “குச்சியை மேல் இடது மூலைக்குத் தள்ளு, கீழ் வலது மூலைக்கு இழு” என்று டிரில் மாஸ்டர் வேலை பார்த்தது. கேலிபிரேஷனாம். போதாக்குறைக்குப் பெட்டியின் முன்னால் டர்போ பட்டன். அதைத் தொட்டால் வேகம் மாறும், தள்ளியது இழுத்தது எல்லாம் வீண், மறுபடி மேல் இடது மூலை.

நான் நூறு தடவை தள்ளினேன், நூறு தடவை இழுத்தேன். மாமாவுக்கு ஏரோகிராமில் “ஜாய்ஸ்டிக் அருமையாக வேலை செய்கிறது” என்று எழுதினேன். பிறகு குச்சியை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு கடைத்தெரு ரேடியோ ரிப்பேர் நானாவிடம் போனேன்.

நானா கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்ததில்லை. அடியில் நாலு ஸ்க்ரூவைக் கழற்றினார். உள்ளே எட்டிப் பார்த்தார். வாடா பலகாரத்தைக் கடித்தபடியே சிரித்தார்.

“என்னா தம்பி, இது வால்யூம் கன்ட்ரோலுல்ல? ரெண்டு ஈக்கிது. இது குறுக்க, இது நெடுக்க.”

நான் விண்கலம் ஓட்டிய கருவி, மர்ஃபி ரேடியோவில் இலங்கை வானொலியைக் கூட்டிக் குறைக்கிற அதே சாமான்! மீட்டரைப் பிடித்துப் பார்த்தார். முள் சைபரிலிருந்து 1 லட்சம் ஓம் வரை ஒரு தடங்கலில்லாமல் போய் வந்தது.

“குச்சி பழுதில்ல. அங்குட்டு கேக்குறவன் ஒருத்தனா, ரெண்டு பேரா? ஒரு பேரச் சொல்லிக் கூப்பிட்டா ரெண்டு பேரு ‘ஓய்’னா என்னா செய்வே?”

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். சவுண்ட் கார்டின் முதுகில் ஒரு 15 துளை சாக்கெட். பக்கத்தில் ஹார்ட் டிஸ்க் மாட்டிய கார்டிலும் அதேபோல் இன்னொன்று, சும்மா. இரண்டுக்கும் ஒரே கதவு எண், 201. குச்சி சொந்த வீட்டிலிருந்து ஒன்று சொல்ல, ஆளில்லாத வீடு வேறொன்று சொல்ல, கப்பல் யார் பேச்சைக் கேட்கும்? சும்மா கிடந்த சாக்கெட்டின் ஜம்பரை, குன்றிமணி அளவுகூட இல்லாத கறுப்புத் துண்டை, புருவம் பிடுங்கும் சிமிட்டாவால் உருவி எடுத்தேன். சுற்றல் நின்றது. அண்டசராசரமும் அசையாமல் நின்றது. நானா கூலியாக ஒரு டீ கேட்டார்.

ஓடிய விளையாட்டு 1990ல் வந்த ‘விங் கமாண்டர்’. தாய்க்கப்பல் பேர் புலிநகம், எதிரிகள் பூனை மூஞ்சிக்காரர்கள், ஆக மொத்தம் ஒரு குடும்பச் சண்டை. இதை எழுதியவர்கள் கதை பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது. வெளியீட்டு நேரம் நெருங்கிவிட்டது. விளையாட்டை மூடும்போதெல்லாம் மெமரி மேனேஜர் ஒரு எர்ரர் மெசேஜைக் கக்குகிறது. ஏன் என்று கண்டுபிடிக்க நேரமில்லை. என்ன செய்தார்கள்? எர்ரரை விட்டுவிட்டார்கள். மெசேஜை மட்டும் உள்ளே புகுந்து அழித்துவிட்டு, அந்த இடத்தில் ‘விங் கமாண்டர் விளையாடியதற்கு நன்றி’ என்று எழுதிவிட்டார்கள். கென் டெமரெஸ்ட் என்ற புரோகிராமரே பின்னாளில் ஒப்புக்கொண்டது.

அந்த வருஷக் கந்தூரிக்கு மாமா லீவில் வந்தார். நாகப்பட்டினத்தில் ‘எம்.வி. சிதம்பரம்’ கப்பல் ஏறி முதல் சபர் போன மனிதர். அது 1985ல் தீப்பிடித்து ஓய்ந்த பிறகு விமானத்துக்கு மாறியவர். நான் குச்சியைப் பிடிக்கிற விதம் சொல்ல வாயெடுத்தேன்.

“கப்பலு எனக்குச் சொல்லித் தர்றியா நீ?” என்று கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மேலே போக முன்னால் தள்ளினார். விமானக் குச்சிக்கு அது தலைகீழ், முன்னால் தள்ளினால் மூக்கு கீழே இறங்கும். இறங்கியது. பதறி இன்னும் முன்னால் தள்ளினார். பூனைகள் பக்கமே போகாமல் நேராகப் போய்ப் புலிநகத்தின் வயிற்றிலேயே மோதினார்.

நான் தலையில் கைவைத்துக்கொண்டு விளையாட்டை மூடினேன். கறுப்புத் திரையில் அந்த ஒற்றை வரி வந்து நின்றது. மாமா எழுத்துக் கூட்டிப் படித்தார். முகம் மலர்ந்தது.

“பாத்தியா? சொந்தக் கப்பல உடைச்சும் நன்றி சொல்றான். வெள்ளக்காரன் மரியாதை தெரிஞ்சவன்யா.”