செருப்புவழிச் சனிப்பெயர்ச்சி: சமயபுரம் கோயில் வாசலை முன்வைத்து ஒரு குற்றப் பொருளாதார ஆய்வு

1. ஆய்வின் தேவை

சன்னிதியில் நிற்கும்போது மனம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், பக்தர் "பாதத்தில்" என்பார். பாதம் என்பது சரிதான். யாருடைய பாதம் என்பதில்தான் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு.

2. முன்னோடிகள்

தைப்பூசத்தன்று கொள்ளிடக்கரையில் சமயபுரத்தாளுக்குச் சீர் கொடுக்கும் அண்ணன், ஸ்ரீரங்கத்து அரங்கநாதர். அவருடைய பாதுகைகளை மட்டுமே பாடி 1008 சுலோகங்கள் செய்தார் வேதாந்த தேசிகர். ஒரே இரவில் என்பது மரபு. பரதன் 14 ஆண்டுகள் ஒரு ஜோடியைப் பாதுகாத்து உரியவரிடமே ஒப்படைத்தான். எடுத்துப்போன செருப்பு திரும்பி வந்ததற்கு வேறு சான்று நமக்குக் கிட்டவில்லை.

அடுத்த முன்னோடி அமெரிக்கப் பொருளியலர் கேரி பெக்கர். ஒருநாள் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாணவர் ஒருவரின் வாய்மொழித் தேர்வுக்கு நேரமாகிவிட, காசு கட்டிக் காரை நிறுத்துவதா, தெருவோரம் விதியை மீறி நிறுத்துவதா என்று கணக்குப் போட்டார். மாட்டும் வாய்ப்பு எவ்வளவு, மாட்டினால் தண்டம் எவ்வளவு? தெருவிலேயே நிறுத்தினார், மாட்டவில்லை. அந்த யோசனை 1968-இல் கட்டுரையாயிற்று. 1992-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அவர் விட்டுவிட்டுப் போனது கார். செருப்பாக இருந்திருந்தால் கோட்பாடு வேறு மாதிரி வந்திருக்கும்.

3. சட்ட நிலை

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவுப்படி, 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதன்முறை திருடித் தண்டனை பெறுபவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால் சமூக சேவையோடு தப்பலாம். 'செருப்பைத் திருடினால் 100 ரூபாய் அபராதம்' என்று பலகை வைக்கலாமே என்பார் சிலர். ஆபத்து. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் காப்பகத்திலிருந்து குழந்தைகளைத் தாமதமாக அழைக்க வந்த பெற்றோருக்கு அபராதம் போட்டுப் பார்த்தார்கள், தாமதம் கூடியது. அபராதத்தை அவர்கள் கட்டணமாக எடுத்துக்கொண்டார்கள். பலகை வைத்தால் இங்கேயும் "நூறு ரூபாய்க்கு தோல் செருப்பா, பரவாயில்லையே" என்பார்கள்.

4. கள ஆய்வு

அ. அடமான முறை. "செருப்ப இங்கயே விட்டுட்டுப் போங்கண்ணே, காசு ஒண்ணும் வேண்டாம்" என்பார் அர்ச்சனைத் தட்டுக் கடைக்கார அம்மா. விட்ட பிறகு தேங்காய் பழம் வாங்காமல் நகர்ந்தால் ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்கு எந்தப் பிரிவிலும் ஜாமீன் கிடையாது.

ஆ. பிரித்தல் முறை. இடதை வேப்பமரத்தடியிலும் வலதைக் கம்பத்தருகிலும் விடுவது. திருடனின் உழைப்பு இரட்டிப்பாகும். திரும்பி வரும்போது நம்முடையதும்தான்.

இ. சங்கிலி விளைவு. ஒருவர் அவசரத்தில் மாற்றிப் போட்டுப் போகிறார். இழந்தவர் அதேபோல் இன்னொன்றை மாட்டிக்கொள்கிறார். ஜோடிகளின் எண்ணிக்கை குறைவதே இல்லை. தரம் மட்டும் இறங்கிக்கொண்டே வந்து, கடைசி ஆளுக்கு வார் அறுந்தது ஒன்று மிஞ்சுகிறது.

ஈ. பாதயாத்திரைக் காலம். மஞ்சள் உடுத்தி நடந்து வருபவர்கள் பெரும்பாலும் வெறுங்காலோடு வருகிறார்கள். தார் கொதிக்கும் நாளில், தேவை உச்சத்தில் இருக்கும்போது, சரக்கு வரத்து குறைகிறது. சந்தை தோற்கும் இடம் இது.

5. கோட்பாடு

இழந்தவர் ஏன் பிராது கொடுப்பதில்லை? ஊர்ச் சட்டமெல்லாம் குற்றவாளியை வருத்தும். இங்கோ, மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதலில் தொடங்கி 28 நாள், பக்தர்களுக்காக ஆத்தாளே பச்சைப் பட்டினி கிடக்கிறாள். துள்ளுமாவு, பானகம், நீர்மோர், இளநீரோடு சரி. அவளிடம் போய் ஒரு ஜோடி ஹவாய்க்கு முறையிட யாருக்கு மனம் வரும்?

ஆகவே ஊர் வேறு தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறது: கோயிலில் செருப்பு தொலைந்தால் பீடை தொலைந்தது. வானத்துச் சனி பெயர இரண்டரை வருஷம் ஆகும்; வாசலில் அரை நிமிஷம். இழந்தவருக்கு லாபம். எடுத்தவருக்கோ தண்டனை திருடிய பொருளிலேயே ஒட்டிக்கொண்டு போகிறது. பெக்கர் கணக்கில் மாட்டும் வாய்ப்பு இங்கே நூற்றுக்கு நூறு. போலீஸ் செலவு சுழியம்.

6. சோதனை

சென்ற சித்திரையில் என் ஜோடி காணாமல் போனது. "விடுடா தம்பி, பீடை போச்சு" என்றார் பெரியம்மா. தரை சுட்டது. எதிரே என் அளவில், எட்டாம் நம்பர், கிட்டத்தட்டப் புதிய ஜோடி ஒன்று. யாரும் பார்க்கவில்லை. வலது காலை நுழைத்தும்விட்டேன். இது யாருடைய ஏழரையோ என்று தோன்றியதும் கால் தானாக வெளியே வந்தது. பஸ் ஸ்டாண்டு வரை நொண்டியடித்து, புதிதாக ஒன்று வாங்கினேன்.

பெரியம்மா அதைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "அடுத்த தடவை பழசைப் போட்டுக்கிட்டு வா. போற பீடை பழசோட போகட்டும்."