ஓட்டையின் விலை: மன்னார்த் தீவில் தையல் மேசை குறித்து ஒரு பூர்வாங்க ஆய்வு

மன்னாரைப் பற்றிய ஆய்வுகளைப் புரட்டினால் முத்துக்குளிப்பு இருக்கிறது, 1560இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை இருக்கிறது, திருக்கேதீச்சரம் இருக்கிறது, கழுதைகள்கூட இருக்கின்றன. தையல் மெசின் வைக்கிற மேசையை மட்டும் காணோம். இத்தனைக்கும் முத்தெடுத்துப் பிழைக்கிறவர் இன்று தீவில் எவருமில்லை. பள்ளிச் சீருடை, முதல் நன்மை உடுப்பு, பெருநாள் சட்டை என்று தைத்துப் பிழைக்கிறவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். இந்தப் பெருங்குறையை நீக்க முன்வந்தவன் நான் ஒருவனே என்பதால் இத்துறையின் தலைமைப் பேராசிரியர் பதவியையும் நானே ஏற்றுக்கொள்கிறேன். மறுப்பவர்கள் சொந்தமாக ஒரு துறை தொடங்கட்டும்.

ஆய்வுக் களம்: தலைமன்னார் முதல் பெருநிலத்து வங்காலை வரை. ஆய்வு முறை: கடை வாசலில் நின்று பார்த்தல், விலை கேட்டல், வாங்காமல் திரும்புதல்.

முதலில் வரைவிலக்கணம். தையல் மேசையாவது ஓர் ஓட்டையும் அதைச் சுற்றிய பலகையும். நாலு கால், இழுப்பறை, பூ வேலை எல்லாம் பிற்சேர்க்கை. வீட்டு மெசின் தலையின் அடித்தட்டு 14½ அங்குல நீளம், 7 அங்குல அகலம்; பழைய இரும்புத் தலைகளில் பெரும்பாலானவை, சிங்கரோ உஷாவோ, இந்த அளவுதான். கடைகளில் ஓடுகிற பெரிய மெசினுக்கு நீளம் 18¾ அங்குலம், அகலம் அதே 7. தலை இந்த ஓட்டைக்குள் இறங்கி, பின்பக்கம் இரண்டு கீலில் மாட்டிக்கொண்டு, பலகையும் தட்டும் ஒரே மட்டமாக நிற்க வேண்டும். ஓட்டை ஒரு நூல் பெருத்தால் தலை ஆடும். ஒரு நூல் சிறுத்தால் இறங்கவே இறங்காது.

சாப்பாட்டு மேசையில் தூக்கி வைத்துத் தைத்தால் ஆகாதோ என்பார்க்கு விடை: ஆகாது. சாப்பாட்டு மேசை தரையிலிருந்து 30 அங்குலம், தையல் மேசையும் ஏறத்தாழ அவ்வளவே. ஆனால் தையல் மேசையில் ஊசி நடக்கிற தட்டே அந்த 30 அங்குலத்தில் இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் மெசினை வைத்தால் தட்டு மேலும் இரண்டு மூன்று அங்குலம் ஏறிவிடும். அதைத் துரத்திக்கொண்டு முழங்கை ஏறும், தோள் ஏறும், பின்னேரம் கழுத்து பிடித்துக்கொள்ளும். இதற்கு மருந்தாகக் கதிரையில் ஒரு தலையணை போடுகிறார்கள். கதிரை உயர்ந்ததும் கால் பெடலுக்கு எட்டாது, ஆகவே பெடலுக்குக் கீழே ஒரு சீமெந்துக் கல். கல்லின் மேல் பெடல் வழுக்குகிறது, ஆகவே கல்லுக்கும் பெடலுக்கும் நடுவில் ஒரு துண்டுச் சாக்கு. சாக்கு மடிந்து பெடலுக்குள் போகாமலிருக்க அதன் ஓரத்தில் இன்னொரு கல். ஓர் ஓட்டை வெட்டியிருந்தால் இத்தனையும் மிச்சம். இதை நான் தலையணைக் கோட்பாடு என்று பெயரிட்டு அழைக்கிறேன். பெயரிடப்படாத எதுவும் பல்கலைக்கழகத்தில் செல்லாது.

இனி வரலாறு. 1851இல் ஐசக் மெரிட் சிங்கர் காப்புரிமை பெற்ற மெசின் மரப்பெட்டியில் அடைத்துத்தான் விற்பனைக்குப் போனது. வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெட்டியே மெசினைத் தாங்கும் மேசை, மிதிபலகையும் அதனோடேயே. ஆகவே சிங்கர் மெசின் முதன்முதல் ஏறி உட்கார்ந்த மேசை ஒரு பொதிப்பெட்டி. பெட்டியின் மேல் மெசினை வைத்துத் தைக்கிற பெண்ணைப் பார்த்து, பாவம், மேசை வாங்க வசதியில்லை என்று இரங்குவோர் இந்த இடத்தை இரண்டு தரம் வாசிக்கவும். அவர் வசதியற்றவர் அல்லர், மரபுவாதி.

1924இல் இயந்திரங்களைப் பற்றி ஒரு மாணவர் கேட்டபோது காந்தி சிங்கர் மெசினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துக் களைப்பதைப் பார்க்கப் பொறாமல் ஒருவர் அன்பினால் கண்டுபிடித்த கருவி அது என்பது அவர் கருத்து. பல பெண்கள் வழியாக இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்ற சிங்கரின் குடும்ப வரலாற்றைப் படித்தவர்கள் இந்த இடத்தில் சற்று இருமுவது வழக்கம். விலக்கு மேசைக்கும் பொருந்துமா என்பதைக் காந்தி விளக்கவில்லை. அடுத்த ஆய்வாளருக்கு அது ஒரு முனைவர் பட்டம்.

பொருளாதாரத்தில் மெசினை மாற்றியது சிங்கரின் பங்காளி எட்வர்ட் கிளார்க். 1856இல் தவணை முறையை அவர்தான் கொண்டுவந்தார். சிங்கர் 1877இல் இலங்கைக்கு வந்துசேர்ந்தது. தவணைப் பழக்கம் இன்றைக்குக் குளிர்சாதனப் பெட்டிவரை நீண்டுவிட்டது. மெசினையும் காலையும் ஒன்றாகக் கடையில் வாங்கினால் எல்லாம் தவணைக்குள் அடங்கும். அம்மம்மாவின் பழைய தலை ஒன்றை மட்டும் வைத்திருக்கிறவர் தனி மேசை தேடினால் கைக்காசு கொடுக்க வேண்டும். தச்சருக்குத் தவணை தெரியாது. மேசை மலிவாகக் கிடைப்பதில்லை என்ற முறைப்பாட்டின் ஆணிவேர் இதுதான் என்று நினைக்கிறேன்.

தலை வேறு, மேசை வேறு என்று எப்படிப் பிரிந்தன? இதற்கு மன்னாரில் வேறு காரணமும் உண்டு. தலை மட்டும் என்றால் ஒரு சாக்கில் கட்டித் தோளில் போடலாம். இரும்புக் காலும் பலகையும் அப்படி வராது. 1990இல் தீவையும் பெருநிலத்தையும் இணைத்த பாலம் தகர்ந்தது, தலைமன்னார் ரயிலும் நின்றது. பேசாலைக் கரையிலிருந்து இராமேசுவரம் போன படகுகளில் ஆட்களுக்கே இடம் போதவில்லை. அதே ஆண்டு ஒக்டோபரில் முஸ்லிம்கள் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். எருக்கலம்பிட்டியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் கற்பிட்டிப் பக்கம் போன வள்ளங்களில் மேசைக்கு இடமில்லை; பலருக்குத் தலைக்கும் இடமில்லை. புதிய பாலம் 2010இலும் ரயில் 2015இலும் வந்தன. திரும்பி வந்தவர்களில் தலை வைத்திருந்தவரிடம் கால் இல்லை. கால் கிடைத்தவரிடம் தலை இல்லை. இந்தக் கட்டுரையில் வேடிக்கையில்லாத பந்தி இது ஒன்றுதான். இதை எடுத்துவிட்டால் மேசைக் கணக்கு வராது.

தலையற்ற கால்களின் பிற்கால வாழ்க்கை தனி இயல். வார்ப்பிரும்புப் பூவேலையும் மிதியும் சில்லும் உள்ள பழைய கால் உலகமெங்கும் உணவகங்களுக்கும் சுற்றுலா விடுதிகளுக்கும் பிடித்துப்போய்விட்டது. மேலே கண்ணாடி போட்டுக் கோப்பி வைக்கிறார்கள். கோப்பி குடிக்க வந்தவர் மிதியை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். தைக்கிறவருக்கு அந்தக் கால் எட்டாத விலைக்கு ஏறியிருப்பது இப்படித்தான்.

ஆகவே செய்துகொள்ள வேண்டியதுதான். எந்த மரத்தில்?

பள்ளிமுனைப் பெருக்கமரத்தில் தொடங்குவது மரியாதை. சுற்றளவு ஏறத்தாழ 19 மீற்றர். ஒரு மரத்திலேயே தீவு முழுவதற்கும் மேசை என்று ஆசைப்படலாம். ஆனால் பெருக்கமரத்தின் கட்டை தண்ணீரைச் சேமித்து வைக்கிற பஞ்சுக் கட்டை. ஆணி நிற்காது, கீல் நிற்காது. நல்ல காலம், நின்றிருந்தால் மரம் எப்போதோ மேசையாகியிருக்கும்.

பனை ஊரெல்லாம் நிற்கிறது, ஆனால் நினைத்தவுடன் தறிக்க முடியாது, அனுமதி வேண்டும். தறித்தாலும் வெளிவளையம் மட்டும்தான் வைரம், உள்ளே வெறும் சோறு. அகலப் பலகை வராது. வளைக்கும் கைமரத்துக்கும் அதற்கு நிகரில்லை. மேசையாக்கினால் கறுத்த நார் சிலாம்பாக எழும்பி வழுவழுப்பான துணியில் கொளுவி இழுக்கும். ஒரு நைலோன் சேலை நாசமானால் மேசையில் மிச்சம் பிடித்த காசு அதற்கே போய்விடும். வேம்பு பரவாயில்லை. கறையான் அண்டாது, கிட்டவே கிடைக்கும். காயாத வேம்பு மட்டும் அடுத்த சோளகத்துக்குள் முறுகிவிடும், ஓட்டையும் சேர்ந்து முறுகும். பழைய வள்ளத்துப் பலகை நன்றாகக் காய்ந்தது, ஆனால் ஊறிய உப்பு திருகாணியைத் தின்னும். தூள்பலகையை வாசலோடு விலக்கவும். உப்புக் காற்றுக்கு ஊதும், மெசின் அதிர அதிரக் கீல் திருகாணி தானே கழன்று வரும். 18 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகைதான் அறிவாளிகளின் தெரிவு. விலையைக் குறிப்பிடவில்லை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை சில மாதங்களில் ஓடிய பிறகு பலகை விலையை அச்சில் போடுவது ஆய்வு நெறிக்கு முரண் என்று எங்கள் துறை தீர்மானித்திருக்கிறது.

மலிவில் முதலிடம் பழைய கதவுக்கு. காய்ந்து முடிந்த மரம், முறுகுவதானால் எப்போதோ முறுகியிருக்கும். அகலம் தாராளம், துணி விரிக்க இடம் மிஞ்சும். பூட்டுக்கு வெட்டிய ஓட்டை ஒன்று ஏற்கெனவே உண்டு. அது வேண்டாத இடத்தில் இருக்கும் என்பது மட்டுமே குறை. இரண்டு பள்ளிக்கூட மேசைக் கால்களில் ஏற்றிவிட்டால் தலை இறங்கக் காத்திருக்கும். வீட்டுக்கு ஒரு கதவு குறைவது தையலில் வருகிற வருமானத்தால் ஈடாகும் என்று கணித்திருக்கிறேன். எந்த அறைக்கு என்பதை அந்தந்தக் குடும்பம் முடிவு செய்யட்டும்.

பலகை கிடைத்தாகிவிட்டது. தச்சரிடம் போகிறோம். வெறும் மேசைக்கு ஒரு விலை சொல்கிறார். ஓட்டையோடு என்றால் விலை ஏறுகிறது. மரத்தைக் குறைத்துத் தருவதற்கு ஏன் கூடுதல் காசு என்று ஒரு தையல்கார அக்கா கேட்டதற்குக் கிடைத்த விடையைத் துறையின் ஆவணக் காப்பகத்தில் சேர்த்திருக்கிறேன்: “அக்கா, ஓட்டை போடாத மேசை எண்டா நீங்க வேண்டாம் எண்டாலும் ஆரும் வாங்குவினம். ஓட்டை போட்டதை உங்களைத் தவிர ஆருக்கு விக்கிறது?” இதற்கு மேல் பொருளாதாரத்தில் சொல்ல அதிகமில்லை. நாம் காசு கொடுப்பது மரத்துக்கன்று. திரும்பிப் போகும் வழியைத் தச்சர் மூடிக்கொள்கிறாரே, அதற்கு.

இங்கே ஓர் அடிக்குறிப்பு வர வேண்டும். அடியில் இடமில்லாததால் நடுவிலேயே போடுகிறேன். ஓட்டை வெட்டாமல் தப்புகிற வழி இரண்டு உண்டு. ஒன்று, மேசையின் நாலு காலிலும் மூன்று அங்குலம் அறுத்துவிடுவது. தட்டு தானே சரியான உயரத்துக்கு இறங்கும். நாலு காலையும் ஒரே அளவில் அறுக்க வேண்டும் என்பதை எவரும் மறப்பதில்லை, ஆனால் எவராலும் முடிவதில்லை. மேசை ஆடுகிறது என்று ஒரு காலை இன்னும் கொஞ்சம் அறுக்க, அடுத்தது நீள, கடைசியில் கை மெசினைப் பாயில் வைத்து நிலத்தில் குந்தித் தைத்த அப்பாத்தா காலத்துக்கே போய்ச் சேரலாம்.

மற்றது, மெசினை இறக்காமல் சுற்றுப்புறத்தை உயர்த்துவது. இதற்கு மன்னார் கொடுத்து வைத்த ஊர். மீன் வாடியில் ஐஸோடு மீன் அடுக்குகிற ரெஜிபோம் பெட்டி இருக்கிறதல்லவா, அது மேசையாக உதவாது. மெசின் ஓடத் தொடங்கினால் அதுவும் ஓடத் தொடங்கும். ஆனால் மெசின் உறுதியான மேசையில் நிற்க, அதைச் சுற்றி ரெஜிபோம் அட்டையைத் தட்டின் உயரத்துக்கு அடுக்கிவிட்டால், அதன் மேல் வருவது துணியின் பாரம் மட்டும். கறி வெட்டும் கத்தியாலேயே மெசினின் வடிவத்துக்கு வெட்டலாம். ஓரம் உதிராமல் டேப் சுற்றி, மேலே ஒரு மேசை விரிப்பு ஒட்டினால் துணி வழுக்கிக்கொண்டு போகும். அட்டை புதிதாக இருப்பது நல்லது. பாரை மீன் கிடந்த பெட்டியின் மூடியில் தைத்த வெள்ளை உடுப்போடு பிள்ளை முதல் நன்மை வாங்கப் போனால், பூசைக்கு வந்த பூனைகள் எல்லாம் அதே வரிசையில் நிற்கும்.

மேசை வைக்கிற இடம் பற்றிச் சுருக்கமாக. வெளிச்சம் இடப்பக்கமிருந்து ஊசியில் விழ வேண்டும். யன்னல் பக்கம் வைத்தால் சோளகம் தூக்கி வருகிற மணல் மெசினுக்குள் விழும், எண்ணெயோடு சேர்ந்து அரைக்கும். வெளிச்சமா, மணலா என்பதில் மே முதல் செப்டெம்பர் வரை மணலைத் தவிர்ப்பவர்களே பெரும்பான்மை. கறையானுக்கு நாலு சிரட்டை, சிரட்டையில் வள்ள எஞ்சினிலிருந்து இறக்கிய பழைய எண்ணெய். வேறு எவரும் அந்தச் சிரட்டையைக் காலால் தட்டாமலிருக்க வேண்டும். வீட்டில் பிள்ளைகள் உண்டென்றால் கறையானே தேவலை.

கடைசியாகத் தீர்ப்பு வராத வழக்கு ஒன்று. ஓட்டை வெட்டும்போது 14½ அங்குலத்துக்கு 7 அங்குலமாக ஒரு பலகை வெளியே வருகிறது. பலகை வாங்கிக் கொடுத்தவள் நான், துண்டும் எனக்கே என்கிறார் அக்கா. தைக்காத நேரத்தில் தலையை உள்ளே மடித்துவிட்டு மேலே மூடி போட அந்தத் துண்டைப் போலப் பொருந்துவது வேறில்லை. அளவு பார்க்க வேண்டியதே இல்லை. வெட்டிக் கழித்தது வெட்டினவனுக்கு, கூலிக்குள் அதுவும் அடக்கம் என்கிறார் தச்சர். நான் இரு தரப்பு வாதங்களையும் எழுதி எடுத்துக்கொண்டிருந்தபோது தச்சரின் மனைவி உள்ளேயிருந்து வந்தார், துண்டைத் தூக்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார், மீன் வெட்ட நல்லா இருக்கும் என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனார்.