சுவரோரக் குடித்தனம்

கையகலச் சிலந்தி ஒன்று வாடகை தராமல் சுவரில் குடியிருக்கிறது. காலி செய்யச் சொல்லலாமா?

இரவில் அது பிடித்துத் தின்னும் கரப்பான்பூச்சிகளைக் கணக்கில் கழித்தால், பாக்கி வைத்திருப்பவர் வீட்டுக்காரர் அல்லவா? வலை பின்னாமல், தட்டையான உடலைச் சுவரோடு ஒட்டிப் பதுங்கியிருந்து பாயும் இவ்வகை, வேட்டைச் சிலந்தி எனப்படும். கால்களை விரித்தால் 7 முதல் 12 செ.மீ. இருக்கும் இது, கையால் அழுத்திப் பிடித்தால் கடிக்கலாம், வலிக்கவும் செய்யும், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. பெண் சிலந்தியோ வில்லை போன்ற முட்டைப்பையை வயிற்றுக்கடியில் சுமந்தபடியே திரியும். துடைப்பத்தை ஓங்குமுன் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

ஒட்டடைச் சிலந்தி தொட்டாலே நடுங்குகிறதே, அவ்வளவு கோழையா?

அது நடுக்கமன்று, தற்காப்பு. கூரை மூலையில் தலைகீழாகத் தொங்கும் இந்த நெடுங்கால் சிலந்தி, வலை அசைந்ததும் உடலை விரைந்து அதிரச் செய்து, எங்கே இருக்கிறதென்று எதிரிக்குப் புலப்படாமல் மங்கிவிடுகிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவும் அதன் உணவு. ஆகவே தூசு படிந்த வெற்று வலைகளை மட்டும் அடித்தால் போதும்.

எட்டுக்கால் பூச்சி ஊர்ந்தால் அக்கி வருமாமே?

சின்னம்மை வந்தவரின் நரம்பில் ஆண்டுக்கணக்கில் ஒடுங்கிக் கிடந்த அதே வைரஸ் மீண்டும் கிளம்புவதே அக்கி. அதற்கான பழியைச் சிலந்தி ஏன் சுமக்க வேண்டும்? கொப்புளம் கண்ட 3 நாள்களுக்குள் மருந்தைத் தொடங்கினால் பலன் மிகுதி என்பதால், சிலந்தியைத் தேடும் நேரத்தில் மருத்துவரைத் தேட வேண்டும்.